இரவல் தொப்பி

கொடுக்கும்போது இரண்டு முறை கேட்டாள்:
ராத்திரி ஆட்டம்தானே?
ராத்திரிதான் என்றேன்.
வெயிலில் மட்டும் வைத்துவிடாதே என்றாள் இலாரியா,
என் நாத்தனார்,
எல் ஆல்ட்டோ சந்தையில் பன்றி வறுவல் விற்பவள்.
இரவல் தரும்போது சிரிப்பாள்.
திரும்ப வாங்கும்போது
கத்தி பாதி தின்ற ஆள்காட்டி விரலால்
விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பாள்.

பித்தளை வாத்தியங்கள் அலற
மேட்டுத் தெருவில் ஆறு மணி நேரம் சுழன்றேன்.
ஊசி இல்லை, நாடா இல்லை,
உச்சந்தலையில் சும்மா உட்கார்ந்திருந்தது
முயல் ரோமத்தை அழுத்திச் செய்த பழுப்பு ஃபெல்ட்,
என் நான்கு மாத வாடகை.
ஆட்டம்வரை ஒன்றும் ஆகவில்லை.
பசிதான் கெடுத்தது.
பாலாடைக்கட்டி பொதிந்த பூரியை
வாணலியிலிருந்து தூக்கியவள் கை உதறியதில்
ஒரு சொட்டு.
வலப்பக்கம், பட்டைக்குச் சற்று மேலே.
காசளவு இருந்தது
மினிபஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள்
முட்டையளவு.

தண்ணீர் ஆகாது, சோப்பு ஆகாது,
அழுத்தித் தேய்த்தால் வழுக்கை விழும்
என்றாள் தொப்பிக்கடை சதுர்னினா.
பின் என்னதான் ஆகும்?
சோளமாவும் பொறுமையும்.
மாவு வீட்டில் அரைக்கிலோ இருந்தது.
மற்றது கடனுக்கும் கிடைக்காது.

தூவினேன். காத்திருந்தேன்.
ரோமம் சாய்ந்த திசையிலேயே,
கடிக்கிற பூனையைத் தடவுவதுபோல்
பிரஷ்ஷை ஓட்டினேன்.
மாவு மஞ்சளாகி உதிர்ந்தது.
மறுபடி தூவினேன்.
அக்காவிடம் சொல்லிவிடேன் என்றான் ஃபோர்துனாத்தோ
போர்வைக்குள்ளிருந்து.
நீ சொல்லு என்றேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

நள்ளிரவில் மிச்சக் கறைக்கு ஆவி காட்டினேன்.
இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
எனக்குக் கோபம் வருவதுபோல;
சூடுதான் அவ்வளவு இராது.
ஆனாலும் போதுமானதாக இருந்தது.
துடைத்த வெள்ளைத் துணியில்
பழுப்பு.
முகர்ந்தேன்.
ஷூ பாலிஷ்.

என் கறையிருந்த பக்கம் இல்லை அது.
இடப்பக்கம்.
மெழுகு இளக இளக
அடியிலிருந்து எழுந்து வந்தது ஒரு கை.
பழைய கொழுப்பில் பதிந்த கை,
அவசரத்தில் எதையோ பிடித்த கை.
கட்டை விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல்.
ஆள்காட்டி விரல் மட்டும்
பாதியில் நின்றிருந்தது.

சிரித்தேன் என்று சொன்னால் போதாது.
ஃபோர்துனாத்தோ எழுந்துவிடுவானோ என்று
துணியை வாயில் அடைத்துக்கொண்டேன்.
பத்து வருஷம்,
எத்தனை தட்டுகளை, எத்தனை சால்வைகளை
அந்த விரல் தடவியிருக்கிறது!
இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?
என் பக்கம் சுத்தமாக,
அவள் பக்கம் சாட்சியாக.

விடியும்வரை அந்தக் கையோடு உட்கார்ந்திருந்தேன்.
வறுவல் கடை மூடிய கையோடு
ஓடியிருப்பாள், குளிக்கக்கூட நேரமில்லாமல்,
ஏதோ ஒரு ஆட்டத்துக்கு.
ஆடியதை நான் பார்த்ததே இல்லை.

சோளமாவு அதனிடம் தோற்றது.
பழைய கொழுப்பு கேட்காது.
மகனின் பள்ளிக்கூட பாலிஷ் டப்பாவைத் திறந்தேன்.
முதலில் அவள் விரல்கள், ஒவ்வொன்றாக.
பிறகு, நிழலாய் மிஞ்சியிருந்த என் சொட்டின்மேலும்
கொஞ்சம்.

திங்கட்கிழமை.
வாசலிலேயே வாங்கித் தடவினாள்.
இடப்பக்கம் வேகமாகப் போன விரல்
வலப்பக்கம் வந்து நின்றது.
திருப்பிப் பார்த்தாள்: நுனியில் பழுப்பு.
என்னைப் பார்க்கவில்லை.
ஏப்ரனின் உட்புறம் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் ஆடுவாயா?
ஆடுவேன்.
எடுத்துக்கோ. வெயிலில் மட்டும்…
தெரியும் என்றேன்.